கிருமிநாசினி பாட்டிலும் ஒரு வாளி வெந்நீரும்

மகன் செமஸ்டர் விடுமுறைக்கு வந்தபோது இரண்டு பை நிறைய அழுக்குத் துணியையும் இடுப்பைச் சுற்றி ஒரு சிவந்த வளையத்தையும் கொண்டுவந்தான். துணி அன்றைக்கே வாஷிங் மெஷினுக்குப் போயிற்று. வளையத்தை அவன் பத்து நாள் கழித்துத்தான் காட்டினான். காட்டியபோதும் மருத்துவரிடம் போக ஒப்பாமல், விடுதி நண்பர்கள் எல்லாரும் பூசிக்கொள்வதாகச் சொல்லி ஒரு களிம்பைக் காட்டினான். அதில் பூஞ்சைக்கு ஒரு மருந்து, பாக்டீரியாவுக்கு ஒரு மருந்து, இவை போதாதென்று குளோபெட்டசால் என்ற வீரியமிக்க ஸ்டீராய்டு. ஸ்டீராய்டு அரிப்பை இரண்டே நாளில் அடக்கிவிடும். கூடவே அந்த இடத்தில் தோலின் எதிர்ப்பையும் அடக்கிவிடுவதால் பூஞ்சை தடையில்லாமல் பரவும். இதனால்தான் 2018-இல் மத்திய அரசு இத்தகைய ஸ்டீராய்டு களிம்புகளை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத அட்டவணையில் சேர்த்தது. ஆனால் எங்கள் மகனுக்கு அந்தக் களிம்பு எந்தச் சீட்டும் இல்லாமல்தான் கிடைத்திருந்தது.

அந்த வளையம் படர்தாமரை என்ற பூஞ்சைத் தொற்று. ஒரு மாதத்துக்குள் அது எனக்குத் தொடையிடுக்கிலும், மனைவிக்கு முழங்கைக்கு மேலும், அம்மாவுக்கு இடுப்பு மடிப்பிலும் வந்தது. நால்வரும் ஒன்றாகப் போய் உட்கார்ந்ததைப் பார்த்துத் தோல் மருத்துவர் சிரிக்கவில்லை. இப்படிக் குடும்பம் குடும்பமாக வருவது அவருக்குப் பழகிப்போன காட்சியாம். மாத்திரை எழுதினார், ஸ்டீராய்டு இல்லாத களிம்பு எழுதினார். எழுதி முடித்துவிட்டு, "துணியை எப்படித் துவைக்கிறீர்கள்?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் எங்கள் மாத பட்ஜெட்டில் ஒரு புதுச் செலவாக வந்து உட்கார்ந்தது.

துணிக்கென்றே விற்கும் கிருமிநாசினி திரவம், ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவான பாட்டில், 200 ரூபாய்க்கு மேல். நான்கு பேரின் உள்ளாடை, துண்டு, லுங்கி, நைட்டி, படுக்கை விரிப்பு, தலையணை உறை என்று நாள்தோறும் துவைத்ததில் ஒரு பாட்டில் பத்துப் பன்னிரண்டு நாள் தாங்கியது. மாதம் மூன்று பாட்டில், ஏறத்தாழ 700 ரூபாய். சிகிச்சை வாரக் கணக்கில் முடிகிற காரியமில்லை என்பது ஏற்கனவே தெரிந்திருந்தது. மாத்திரை, களிம்பு, மருத்துவர் கட்டணம் ஆகியவற்றுக்கு மேல் இது. இதைவிட மலிவாக ஒரு வழி இருக்காதா என்று தேடத் தொடங்கியதன் கதைதான் இது.

தேடலின் முதல் பலன் சற்று அவமானகரமானது. பாட்டிலின் பின்பக்கத்து எழுத்தைக் குளியலறை விளக்கடியில் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்தபோது, "துவைத்து முடித்தபின் கடைசி அலசலில் சேர்க்கவும்" என்று இருந்தது. நான் மூன்று வாரமாகத் துவைக்கும் தூளோடு சேர்த்தே ஊற்றிக்கொண்டிருந்தேன். இந்தத் திரவங்களில் பெரும்பாலானவற்றில் வேலை செய்யும் பொருள் பென்சல்கோனியம் குளோரைடு. அதன் மூலக்கூறு நேர் மின்னேற்றம் கொண்டது. நாம் வாங்கும் துவைக்கும் தூளின் அழுக்கு நீக்கி எதிர் மின்னேற்றம் கொண்டது. இரண்டையும் ஒரே தண்ணீரில் விட்டால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, அழுக்கும் சரியாகப் போகாது, கிருமியும் சாகாது. மூன்று வாரத்துப் பணம் இப்படித் தண்ணீரோடு போயிருந்தது. ஆகவே மலிவு வழி தேடுகிற எவருக்கும் என் முதல் யோசனை, வேறு பாட்டில் தேடுமுன் கையிலிருக்கும் பாட்டிலைச் சரியான நேரத்தில் ஊற்றுங்கள் என்பதுதான்: தூள் நுரை முழுவதும் போகும்வரை அலசிவிட்டு, அளவான தண்ணீரில், லேபிள் சொல்லும் நேரம் முழுவதும் துணியை ஊறவைக்க வேண்டும். தண்ணீரைத் தாராளமாக விட்டாலும் பயன் குறையும். துணியைக் குவித்துத் திணித்தாலும் குறையும், ஏனென்றால் பருத்தி இழை இந்த மருந்தைத் தானே ஈர்த்து வைத்துக்கொள்ளும்.

லேபிளில் இன்னொன்றையும் கவனித்தேன். "பூஞ்சையைக் கொல்லும்" என்ற வாக்கியத்துக்கு அடியில் எந்தப் பூஞ்சை என்று தேடினால், பல பாட்டில்களில் கேண்டிடா அல்பிகன்ஸ் என்றுதான் இருக்கிறது. அது ஈஸ்ட் வகை. ஐரோப்பியத் தரமுறையில்கூட ஈஸ்ட்டைக் கொல்வதற்குக் கேண்டிடாவை வைத்தும், பூஞ்சையைக் கொல்வதற்கு ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூசணத்தை வைத்தும் தனித்தனியாகத்தான் சோதிக்கிறார்கள். நம் படர்தாமரையோ டிரைக்கோஃபைட்டான் இனத்தைச் சேர்ந்தது. தோலில் உள்ள கெரட்டின் என்ற புரதத்தைத் தின்று வாழ்வது. உதிர்ந்த தோல் செதிலுக்குள் அதன் வித்துகள் பதுங்கியிருக்கும். துணியின் மடிப்பில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். இந்தியாவில் இப்போது பரவும் வகைக்கு 2020-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்று பெயரிட்டார்கள். டெர்பினாஃபின் என்ற வழக்கமான மாத்திரைக்குப் பெரும்பாலும் மசியாத வகை அது. 2023-இல் நியூயார்க்கிலும் இரண்டு பேரிடம் அதைக் கண்டுபிடித்தார்கள். நம் நாட்டின் பெயரைத் தாங்கி உலகம் சுற்றும் பொருள்களில் இது ஒன்று என்று மகனிடம் சொன்னேன், அவன் சிரிக்கவில்லை.

பாட்டிலுக்கு மாற்றாகப் பிறர் சொன்னவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வினிகரும் சமையல் சோடாவும் துணி நாற்றத்தைக் குறைக்கும். செதிலுக்குள் இருக்கும் வித்தைக் கொல்லும் என்று நம்பி மருந்துச் செலவை அவற்றின் மேல் பந்தயம் கட்ட முடியாது. வேப்பிலை, மஞ்சள் பற்றியும் எனக்கு அதே கருத்துத்தான். ஃப்ரீஸரில் வைத்தால் செத்துவிடும் என்றார் ஒருவர். ஆய்வகங்கள் பூஞ்சைகளைப் பல ஆண்டுகள் பாதுகாப்பதே உறைநிலையில்தான். காயத்துக்குப் போடும் பழுப்புநிற ஆன்டிசெப்டிக்கில் இருப்பது குளோராக்சிலினால். வாளி வாளியாகத் துணிக்கு ஊற்றினால் அது மலிவாகவும் அமையாது, வீட்டில் பூனை இருந்தால் அதற்கு நஞ்சும் ஆகும். பென்சல்கோனியம் குளோரைடையே 50 விழுக்காட்டுக் கரைசலாக ரசாயனக் கடையில் வாங்கி நாமே நீர்த்துக்கொண்டால் கணக்குப்படி மிகமிக மலிவு என்பது உண்மை. வாங்கப் புறப்பட்டும் விட்டேன். ஆனால் அந்தச் செறிவில் அது தோலையும் கண்ணையும் அரிக்கும்; அளவு சற்றுத் தவறினாலும் துணியில் தங்கி எரிச்சல் உண்டாக்கும். ஏற்கனவே புண்ணாகிக் கிடக்கும் தோலில் புதிதாகச் சிவந்தால் அது பூஞ்சையா மருந்தா என்று யாரால் சொல்ல முடியும்? அந்த மலிவு எங்களுக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

குளோரின் பிளீச் வேறு தரத்தது. அது உண்மையிலேயே கொல்லும். 4 விழுக்காட்டுச் சோடியம் ஹைப்போகுளோரைட்டில் 250 மில்லியை எடுத்து, தண்ணீர் விட்டு 10 லிட்டராக்கினால் 0.1 விழுக்காடு கிடைக்கும்; துவைத்து அழுக்குப்போன வெள்ளைப் பருத்தித் துணிக்கு அதில் கால்மணி நேரம் போதும். துவைக்காத துணியில் விட்டால் அழுக்கோடு சண்டை போட்டே குளோரின் தீர்ந்துவிடும். சாயத் துணி, பட்டு, கம்பளி, எலாஸ்டிக் எதற்கும் ஆகாது. கழிவறை கழுவும் அமிலமோ வினிகரோ அதோடு கலந்தால் குளோரின் வாயு வரும். குளியலறையில் இரண்டு பாட்டிலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் நம் வீடுகளில் இது வெறும் எச்சரிக்கை வாசகம் இல்லை. எனக்கு வந்த சங்கடம் இன்னொன்று: எங்கள் போர் தண்ணீரில் இரும்பு அதிகம். பிளீச் அந்த இரும்பைத் துருவாக்கித் துணியில் படியவைத்துவிடும் என்பது, என் இரண்டு நல்ல வேட்டிகள் டீக்கறை நிறத்துக்கு வந்தபிறகுதான் எனக்கு உறைத்தது. பிளீச்சைத் தரை துடைப்பதற்கு ஒதுக்கிவிட்டேன்.

வேட்டியைப் பார்த்துத்தான் அம்மா வாயைத் திறந்தார்.

"ஏண்டா, கண்டதையும் ஊத்துறியே, ஒரு பானை வெந்நி வைக்க மாட்டியா? அந்தக் காலத்துல வெள்ளாவி வச்ச துணியில சிரங்கு ஏது, படை ஏது?"

அம்மாவின் "அந்தக் காலத்தில்" என்று தொடங்கும் வாக்கியங்களில் பாதியை நான் கேட்பதில்லை. இதைக் கேட்க நேர்ந்ததற்குக் காரணம், மருத்துவர் தந்த தாளில் "60 டிகிரி வெந்நீரில் துவைக்கவும்" என்று முதல் வரியிலேயே இருந்ததும், நான் அதைப் படித்தும் படிக்காமல் பாட்டிலுக்குப் போனதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன. பாக்டீரியா வித்துகளில் சில கொதிநீரையும் தாங்கும். படர்தாமரைப் பூஞ்சையின் வித்துக்கு அந்தத் திடம் கிடையாது. 60 டிகிரியில் அரைமணி, முக்கால்மணி நேரம் அதற்குப் போதுமானது. 40 டிகிரியில் அது தப்பித்துக்கொள்ளும். கிருமிநாசினி திரவம் என்பதே, குளிர்ந்த நீரில் துவைக்கிறவர்கள் வெப்பத்துக்குப் பதிலாக வாங்கிக்கொள்ளும் பொருள்தான். வெப்பம் நம்மிடம் இருந்தால் அதை ஏன் பாட்டிலில் வாங்க வேண்டும்?

வெள்ளாவியை அம்மா விவரித்தது இப்படி: ஊர்த்துறையில் துணியை உவர்மண் கரைத்த நீரில் ஊறவைத்துப் பிழிந்து, அடுப்பின்மேல் பெரிய பானையைச் சுற்றி அடுக்கடுக்காக அடுக்கி மூடிவிடுவார்கள். இரவெல்லாம் நீராவி துணிக்குள் ஏறும். விடிந்ததும் கல்லில் அடித்து அலசி மணலிலும் புல்லிலும் விரிப்பார்கள். உவர்மண்ணில் இருப்பது சோடாக் காரம். காரம், நீராவி, வெயில் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக. இன்றைக்கு மருத்துவர் தாளில் இருக்கும் அறிவுரையைவிட ஒருபடி கூடுதலான சிகிச்சை அது. ஆங்கிலேயர் தொடையிடுக்குப் படர்தாமரைக்கு "டோபி இட்ச்" என்று பெயர் வைத்துப் பழியைச் சலவைத் தொழிலாளர்மேல் போட்டார்கள் என்பதை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. பல வீட்டுத் துணி ஒன்றாகக் கலந்தால் தொற்று மாறும் என்பது நியாயமான சந்தேகம்தான். ஆனால் இரவு முழுக்க நீராவியில் வெந்த துணியிலிருந்து வந்தது என்பதைவிட, புழுக்கத்தில் கம்பளிக் கால்சட்டை போட்டுத் திரிந்ததால் வந்தது என்று சொன்னால் எனக்கு எளிதாக நம்பத் தோன்றும். அந்தத் தொழிலைச் செய்தவர்களுக்கு ஊர் கொடுத்தது பழியும் பழைய சோறும்தான் என்பதை அம்மாவும் ஒப்புக்கொண்டார்.

எங்கள் வீட்டில் வெள்ளாவிக்கு இடமில்லை. மேலிருந்து துணி போடும் எங்கள் மெஷினில் ஹீட்டரும் இல்லை. முன்பக்கக் கதவுள்ள மெஷின் வைத்திருப்பவர்கள் 60 டிகிரி என்ற பொத்தானைத் திருகினால் வேலை முடிந்தது. அவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். மற்றவர்களுக்கு வாளிதான். கொதிநீரும் 30 டிகிரி குழாய்நீரும் சரிபாதி கலந்தால் 65 டிகிரி வர வேண்டும் என்று கணக்குப் போட்டேன். சமையலறைத் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தால், துணியைப் போட்டு அமுக்கிய உடனே 57-க்கு இறங்கிவிட்டது. வாளியும் துணியும் தங்கள் பங்கு வெப்பத்தை வாங்கிக்கொள்கின்றன. மூன்று பங்கு கொதிநீர், இரண்டு பங்கு பச்சைத் தண்ணீர் என்று மாற்றிய பிறகு தொடக்கத்தில் 66 காட்டியது. மூடி போட்டு, மேலே ஒரு பழைய போர்வையைச் சுற்றி வைத்தால் 40 நிமிடம் கழித்தும் 60-க்குக் கீழே வரவில்லை. அந்தப் போர்வை இல்லாமல் பார்த்த அன்று அரைமணியிலேயே 54.

மின்சாரக் கணக்கு என்னை ஆச்சரியப்படுத்தியது. 20 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 65 டிகிரிக்குக் கொண்டுபோக ஒரு யூனிட்டுக்கும் சற்றுக் குறைவாகவே ஆகிறது. 1,500 வாட் ஹீட்டர் ராடு என்றால் சுமார் 35 நிமிடம், வீணாவதைச் சேர்த்தால் 40. நாங்கள் கொடுக்கும் யூனிட் விலைக்கு, பாட்டிலில் ஒருநாள் செலவானதில் மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை. ராடு வைத்திருப்பவர்கள் சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிய பிறகே தண்ணீரைத் தொட வேண்டும். துணியை வாளிக்குள் போட்டுவிட்டு ராடைச் செருகும் வழக்கத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், யாரும் அதைச் செய்யாதீர்கள்.

உவர்மண்ணின் இடத்தில் சலவைச் சோடா. மளிகைக் கடையில் கிலோ 100 ரூபாய்க்குள் கிடைக்கிறது. 10 லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி போடுகிறேன். அது தானாகப் பூஞ்சையைக் கொல்வதாக நான் எண்ணவில்லை. எங்கள் உப்புத் தண்ணீரின் கடினத்தை எடுத்து, களிம்புப் பிசுக்கையும் தோல் செதிலையும் துணியிலிருந்து கழற்றிவிடுகிறது. பிறகு வெந்நீர் தன் வேலையைச் செய்கிறது. களிம்பு பூசிக்கொண்டு படுக்கும் வீட்டில் விரிப்பும் உள்ளாடையும் எப்படி எண்ணெய்ப் பிசுக்காகும் என்பது பட்டவர்களுக்குத் தெரியும். கைக்கு உறை அவசியம். ஊறிய துணியைப் பிழிந்து, அதன்பிறகே மெஷினில் தூள் போட்டு வழக்கம்போல ஓட்டுகிறோம். அழுக்குக் கூடையும் இரண்டாகிவிட்டது; மகனின் துணியோடு எல்லார் துணியும் ஒன்றாகக் கிடந்த அந்தப் பத்து நாள்தான் இத்தனைக்கும் வேர்.

வெயிலைப் பற்றிச் சொன்னால் எல்லாரும் தலையாட்டுவார்கள், ஆனால் துணியை உள்பக்கம் வெளியே திருப்பிக் காயப்போடுவதில்லை. உடம்பில் ஒட்டுவது உள்பக்கம். அரைக்கால் சட்டையின் இடுப்புப்பட்டியைத் திருப்பிப் பார்த்தேன்: நாடா ஓடும் குழல், அதன்மேல் இரட்டைத் தையல், தையலுக்கு அடியில் நான்கு மடிப்பாக மடிந்த துணி. மேலே சுக்காகக் காய்ந்திருந்தபோதும் அந்த மடிப்பை விரலால் நெருடினால் குளிர்ச்சி தெரிந்தது. மகனின் வளையம் சரியாக அந்தப் பட்டியின் கோட்டிலேயே இருந்தது. வெயில் அந்த மடிப்புக்குள் போகாது, ஆகவே அங்கே இஸ்திரிப்பெட்டியைப் பருத்திச் சூட்டில் வைத்து அழுத்துகிறேன். முதல் நொடிகளில் 'ஸ்' என்று ஆவி வரும், அது நிற்கும்வரை எடுப்பதில்லை. தெருமுனை இஸ்திரி அண்ணனிடம் ஒருமுறை உள்ளாடைகளையும் கொடுத்துவிடலாமா என்று யோசித்தேன். அவர் முகத்தை நினைத்துப் பார்த்து, வீட்டிலேயே தேய்ப்பது என்று முடிவுசெய்தேன்.

துவைப்பதில் யாரும் சேர்க்காத ஒன்றை மருத்துவர்தான் கண்டுபிடித்தார். என் இடுப்பைப் பார்த்தவர், "இந்த அரைஞாண் கயிற்றை எப்போது துவைத்தீர்கள்?" என்றார். கறுப்புக் கயிறு, குளிக்கும்போது நனையும், நாளெல்லாம் ஈரமாகவே கிடக்கும், ஒருநாளும் வெயில் காணாது. அம்மாவிடம் அதை அறுக்கச் சொன்னது பென்சல்கோனியம் குளோரைடின் வேதியியலை விளக்குவதைவிடக் கடினமான வேலையாக இருந்தது. இடுப்பில் கயிறில்லாமல் ஆண்பிள்ளை இருக்கக்கூடாது என்பதில் அவர் அசையவில்லை. வெள்ளி அரைஞாண் என்ற சமரசத்துக்கு வந்தோம். அதற்கு எத்தனை மாதத்துப் பாட்டில் செலவு ஆகும் என்ற கணக்கை நான் போடவில்லை.

எல்லாத் துணிக்கும் 60 டிகிரி ஆகாது. மனைவியின் லெகிங்ஸ், எலாஸ்டிக் அதிகமுள்ள உள்ளாடைகள், மகனின் விளையாட்டு உடைகள் எல்லாம் வெந்நீரில் சீக்கிரம் தொங்கிப்போகும். சாயம் போகும் புடவையையும் அதில் முக்க முடியாது. உள்ளாடைகளைப் பருத்திக்கு மாற்றினோம். எஞ்சியவற்றுக்கு மட்டும் பழைய திரவம், இம்முறை கடைசி அலசலில், சிறிய வாளியில், லேபிள் சொன்ன நேரம் முழுவதும். மழைக்காலத்தில் மொட்டைமாடிக் கொடி உதவாத நாட்களில் இஸ்திரிதான் வெயிலுக்கு மாற்று. இத்தனையும் செய்தபின் எங்களுக்குக் குணமானது மாத்திரையால்தான் என்பதிலும் எனக்கு ஐயமில்லை. முன்பு ஆறியபின் மறுபடி மறுபடி வந்தது, இப்போது வரவில்லை என்பது மட்டுமே துணியின் பங்கு என்று நினைக்கிறேன். மருந்தை நடுவில் நிறுத்திவிட்டு வாளியை மட்டும் நம்புகிறவர்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது.

பிப்ரவரியில் வாங்கிய பாட்டில் மே மாதத்திலும் பாதிக்குமேல் இருக்கிறது. மகன் விடுதிக்குத் திரும்பும்போது அதைக் கையில் கொடுத்தனுப்பலாம் என்று எடுத்துவைத்தேன். அங்கே வெந்நீர் வருகிறதா என்று கேட்டதற்கு, காலை ஆறு மணிக்கு அரைமணி நேரம் வரும், ஆனால் அந்நேரத்துக்கு யாரும் எழுந்திருப்பதில்லை என்றான்.